காணாமல் போகும் பிள்ளைகள், வெளிப்பக்கம் பூட்டும் அறை: மூன்று த்ரில்லர்களில் எது உங்களுக்கு?

“ஆங்கிலத்தில் புதிதாக நல்ல த்ரில்லர் ஏதாவது சொல்லுங்கள்” என்று கேட்டால் இப்போதெல்லாம் மூன்று பெயர்கள் சேர்ந்தே வந்து விழுகின்றன. ஃப்ரீடா மெக்ஃபேடனின் ‘தி ஹவுஸ்மெய்ட்’ (2022), லிஸ் மூரின் ‘தி காட் ஆஃப் தி வுட்ஸ்’ (2024), கிறிஸ் விட்டேக்கரின் ‘ஆல் த கலர்ஸ் ஆஃப் த டார்க்’ (2024). மூன்றையும் ஒரே மூச்சில் சிபாரிசு செய்பவர்கள் மூன்றையும் முழுதாகப் படித்தார்களா என்பது என் சந்தேகம். ஒன்றில் சொக்கிப்போனவர் இன்னொன்றை ஐம்பதாம் பக்கத்தில் மூடிவைக்க எல்லா நியாயமும் உண்டு.

மெக்ஃபேடனை முதலில் முடித்துவிடலாம். அவருக்கு அதிக நேரம் வேண்டாம். சிறையிலிருந்து வெளிவந்து, தங்க இடமில்லாமல் காரிலேயே தூங்கும் மில்லி, ஒரு பணக்கார வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்கிறாள். கூரையை ஒட்டிய சின்ன அறை ஒன்றை அவளுக்குக் கொடுக்கிறார்கள். அதன் கதவுக்குப் பூட்டு வெளிப்பக்கத்தில் இருக்கிறது. முதல் அத்தியாயத்துக்கு முன்பே அந்த வீட்டில் ஒரு பிணம் கிடக்கிறது, போலீஸும் வந்துவிடுகிறது. யார் பிணம் என்று தெரியாமல் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. குட்டிக் குட்டி அத்தியாயங்கள், அகராதி தேவைப்படாத ஆங்கிலம். மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஓட்டம் பழகியதுதான். நடுவில் வரும் திருப்பமும் நல்ல திருப்பம். ஆனால் அந்தத் திருப்பம் நிற்பதற்காக மில்லி அதுவரை அநியாயத்துக்கு அப்பாவியாக இருக்க வேண்டியிருக்கிறது. கண்ணெதிரே இருப்பதைக் கேட்காமலேயே கடந்து போகிறாள். இரண்டாம் முறை படித்தால் இந்தத் தையல்தான் தெரியும். 2025 இறுதியில் இது படமாகவும் வந்துவிட்டது. படம் பார்த்தவர்கள் புத்தகத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். தொடக்கம் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டும் அமெரிக்காவில், 1975-இல், பதின்மூன்று வயதுப் பிள்ளை காணாமல் போவதில் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு இரண்டும் சந்திப்பதே இல்லை.

மூரின் கதை நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைக்காட்டில் நடக்கிறது. கோடைக்கால முகாம் ஒன்றில் ஆகஸ்ட் மாதக் காலையில் பார்பராவின் படுக்கை காலியாகக் கிடக்கிறது. முகாமும் அந்தக் காடும் அவளுடைய குடும்பத்துக்குச் சொந்தம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1961-இல், அவளுடைய அண்ணனும் இதே காட்டில்தான் மறைந்துபோனான். காலிப் படுக்கையைப் பார்க்கும் மேற்பார்வையாளர் லூயிஸால் உடனே கூச்சல் போட முடியவில்லை; முந்தின இரவு லூயிஸே தான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இங்கேயே மூரின் கைவரிசை தெரிந்துவிடுகிறது. இந்த நாவலில் பொய் சொல்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயம் பெரும்பாலும் சம்பளத்தோடு சம்பந்தப்பட்டது. ஊரில் பாதிப்பேர் அந்தக் குடும்பத்தை நம்பிப் பிழைக்கிறார்கள். முதல் பிள்ளை காணாமல் போனபோது பழி யார் தலையில் விழுந்தது, இரண்டாவது பிள்ளைக்காக போலீஸ் யாரிடம் கை கட்டிப் பேசுகிறது என்பதில்தான் சஸ்பென்ஸ் இருக்கிறது. அந்தக் காலத்துப் போலீஸில் அரிதான பெண் புலனாய்வாளராக வரும் ஜூடிக்குக் குற்றவாளியைவிடத் தன் மேலதிகாரிகளோடுதான் அதிகப் போராட்டம்.

முகாமின் சுவர்களில் பிள்ளைகளுக்கான ஒரு விதி எழுதியிருக்கிறது: வழி தவறினால் அங்கேயே உட்கார், கத்து. படிக்கும்போது அது சாதாரண எச்சரிக்கை. நாவல் முடிந்ததும், கத்தினாலும் யார் குரல் யார் காதில் விழும் என்பதே இந்தக் கதை என்று புரிகிறது. குறை இல்லாமல் இல்லை. 1950-களுக்கும் 1975-க்கும் இடையே கதை தாவித் தாவிப் போகிறது; அத்தியாயத்தின் தலையில் இருக்கும் காலக் குறிப்பைப் பார்க்காமல் புரட்டினால் தடம் மாறிவிடுவீர்கள். தப்பி ஓடிய கொலைகாரன் ஒருவனையும் காட்டுக்குள் விட்டிருக்கிறார். அவன் இல்லாமலும் கதை நின்றிருக்கும்.

ஆங்கிலேயரான விட்டேக்கர், மிசௌரியின் ஒரு கற்பனைச் சிற்றூரை எடுத்துக்கொள்கிறார். ஒற்றைக் கண்ணோடு பிறந்து, கடற்கொள்ளையன் வேடத்தில் திரியும் சிறுவன் பேட்ச், ஒரு சிறுமியைக் காப்பாற்றப் போய்த் தானே கடத்தப்படுகிறான். அடைபட்ட இருட்டில் முகம் தெரியாத ஒரு பெண்ணின் குரல் மட்டும் அவனுக்குத் துணை. அவன் மீண்டு வந்த பிறகு, அப்படி ஒருத்தி இருந்தாளா என்பதையே மற்றவர்கள் சந்தேகிக்கிறார்கள். அவன் அவளை ஓவியமாக வரைந்தபடியே தேடுகிறான்; தேடல் கால் நூற்றாண்டு நீள்கிறது. இது முற்பகுதியிலேயே வந்துவிடுவதால் சொல்வதில் குற்றமில்லை. தேனீ வளர்க்கும் தோழி செயின்ட் வரும் பக்கங்கள் அபாரம். ஆனால் எல்லோரும் எந்நேரமும் பொன்மொழியாகவே பேசுகிறார்கள். 600 பக்கங்களை ஒட்டிய புத்தகத்தில் கடைசி முந்நூறில் தற்செயல்கள் வரிசைகட்டி வருகின்றன. அழவைக்கும் கதை வேண்டுமென்றால் இதைவிட நல்லது கிடைக்காது. துப்புகளைக் கோர்த்துப் பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மூரை வாங்குங்கள். முடிச்சை அவிழ்க்கும்போது அவர் ஏமாற்றுவதில்லை. விடை முன்பே பக்கங்களுக்குள் கிடந்திருக்கிறது. ஆங்கில நாவல் பக்கமே போகாதவர்களுக்கும் இரவுப் பயணத்துக்கும் மெக்ஃபேடன். விட்டேக்கரை நூலகத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் நூறு பக்கம் பிடித்தால் அந்த நடை கடைசிவரை அப்படியேதான் போகும்.

மூர் பிடித்துப்போனால் அடுத்து அவருடைய ‘லாங் பிரைட் ரிவர்’ (2020). பிலடெல்பியாவில் ரோந்து போகும் பெண் போலீஸ், போதைப்பழக்கத்தில் சிக்கிக் காணாமல் போன தங்கையைத் தேடும் கதை. அதில் கொலைகளைவிட அக்கா தங்கைக் கணக்குதான் பெரிது. அதற்குப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் எடுக்கவும்.