கேப்ஸ் லாக் போட்டிருப்பதை யார் சொல்வது?

நவம்பரில் ஊருக்குப் போனதே அம்மாவின் வாழ்நாள் சான்றுக்காகத்தான். அப்பா ரயில்வேயில் இருந்தவர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் வருடா வருடம் இந்த மாதத்தில் சான்று கொடுக்க வேண்டும். 2014 முதல் விரல்ரேகை வைத்தே கொடுக்கலாம் என்பதால் வங்கிக்கு அலைய வேண்டியதில்லை. தென்காசிப் பக்கம் எங்கள் ஊரிலேயே ஒரு சேவை மையம் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் இருந்த பெண் நல்ல வேகம். முன்னால் இருந்தவரின் விண்ணப்பத்தை முடித்துவிட்டு, எங்களுக்காக வேறொரு தளத்தில் நுழையப் பாஸ்வேர்டு அடித்தார். 'பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.' அப்புறம் மெதுவாக ஒருமுறை. அதே செய்தி. மூன்றாவது முறையில் கணக்கு அரை மணி நேரத்துக்கு முடங்கிவிட்டது. "காலையில கூட இதேதான் போட்டேன் அண்ணாச்சி" என்றபோது அவர் குரல் கம்மியது. பின்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

விஷயம் இதுதான். விண்ணப்பத்தில் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்பக் கேப்ஸ் லாக் போட்டவர், எடுக்க மறந்திருக்கிறார்; பாஸ்வேர்டும் பெரிய எழுத்திலேயே விழுந்திருக்கிறது. பாஸ்வேர்டுப் பெட்டியில் தெரிவது வெறும் கறுப்புப் புள்ளிகள். கீபோர்டு வயர்லெஸ், பேட்டரியை மிச்சப்படுத்த இந்த வகையில் பலவற்றுக்குக் கேப்ஸ் லாக் விளக்கே வைப்பதில்லை. விண்டோஸில் நுழையும்போது பெட்டிக்கு அடியிலேயே கேப்ஸ் லாக் எச்சரிக்கை வரும். இந்தத் தளத்தில் எதுவும் வரவில்லை.

டொராண்டோவில் என் வேலையே மென்பொருளைச் சோதிப்பது. அதனால் மனசு ஆறவில்லை. ஒவ்வொரு விசையைத் தட்டும்போதும் கேப்ஸ் லாக் நிலையைப் பிரவுசரே பக்கத்துக்குத் தெரிவிக்கிறது. அதைத் திரையில் காட்ட நாலைந்து வரி நிரல் போதும். பெயர் தவறா பாஸ்வேர்டு தவறா என்று பிரித்துச் சொல்லாததற்கு நியாயம் உண்டு, திருட வருபவனுக்கு அது துப்பாகிவிடும். கேப்ஸ் லாக்கைச் சொல்வதில் அந்த ஆபத்து இல்லை. எச்சரிக்கை பெட்டியை ஒட்டியே, தமிழில், வார்த்தையாக வர வேண்டும். வெறுமனே நிறத்தைச் சிவப்பாக மாற்றிக் காட்டினால், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு அது இல்லாததற்குச் சமம். இன்னும் எத்தனை முயற்சி பாக்கி என்பதையும் முடக்குவதற்கு முன்னாலேயே சொல்லலாமே!

அரை மணி கழித்து, அம்மா கருவியில் விரலை வைத்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "எடுத்திருச்சா தாயி?"

"எடுத்திருச்சு ஆச்சி" என்று அந்தப் பெண் திரையை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். கிளம்பும்போது பார்த்தேன், மானிட்டரின் அடியில் 'கேப்ஸ் லாக் பார்' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது.