38,500 ரூபாய் போச்சு: ஆர்.சி. ஹெலிகாப்டர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் புதியவர்களுக்காக எழுதுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, கோர்வையாக வராது. என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயர் வேண்டாம். சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம், போனில் வரும் விலைப்பட்டியல், பணம் போட ஒரு க்யூ.ஆர். கோடு. அவ்வளவுதான் கடை.

"ரிமோட் கார் தவிர எதுவும் ஓட்டியதில்லை, எனக்கு எது சரிப்படும்?" என்றுதான் கேட்டேன். அந்த ஆள் அவசரமே இல்லாமல் பேசினான். "சின்ன டாய் வாங்கினா ஒரே வாரத்துல போரடிச்சிடும் சார். 450 சைஸ் எடுங்க. உள்ள ஜைரோ இருக்கு, கையை விட்டாலும் அதுவே நிக்கும். ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு வாங்க, நானே ஹோவர் கத்துத் தர்றேன்." (450 என்பது ஹெலிகாப்டரின் அளவைக் குறிக்கும் எண். ஜைரோ என்பது ஆட்டத்தை உணர்ந்து சரிசெய்யும் கருவி. ஹோவர் என்றால் அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது.) நான் இழுத்தபோது அவனே சொன்னான்: "இன்னிக்கே போட வேணாம் சார், வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க." இப்படிப் பேசுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? மறுநாள் 38,500 ரூபாயையும் மொத்தமாகப் போட்டேன்.

பார்சலில் டேப் மேல் டேப். றெக்கைகளைத் தாங்கும் ரோட்டார் தலையில் இருந்த போல்ட்டுகளில் ஆலன் கீ போட்டுத் தேய்ந்த தடம். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. ஏற்றி இறக்கும் குச்சியான த்ராட்டில் இடது கையில் வரும் மோட் 2 ரிமோட் கேட்டிருந்தேன், வந்தது அது வலது கையில் வரும் மோட் 1. சுற்ற விட்டால் மேலே எழும்பாமல் தரையிலேயே கிடந்து உதறியது.

எங்கள் ஊர் மைதானத்தில் ஆர்.சி. விமானம் விடும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். றெக்கையைச் சுற்ற வைக்கும் கம்பியான மெயின் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கண்ணாடி மேசை மேல் உருட்டினார். நேரான கம்பி என்றால் சீராக ஓடும். இது நொண்டி நொண்டி உருண்டது, ஒவ்வொரு சுற்றிலும் அடியில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. "இது ஏற்கெனவே விழுந்த மெஷின் தம்பி. உன் தலையில கட்டியிருக்கான்" என்றார்.

அதைவிடக் கொடுமை, இது புதியவர்கள் தொட வேண்டிய ரகமே இல்லையாம். இரண்டு றெக்கை எதிரெதிராகச் சுற்றும் கோஆக்சியல் வகைதான் முதலில் கைக்கு அடங்கும். என்னிடம் வந்தது கலெக்டிவ் பிட்ச்: றெக்கையின் கோணத்தை மாற்றித்தான் ஏற்றி இறக்க வேண்டும், ரிமோட் குச்சியை லேசாக அசைத்தாலே பாயும். றெக்கை வட்டம் கிட்டத்தட்ட 70 செ.மீ., விரலில் பட்டால் விரல் மிஞ்சாது. சாதாரண ஜைரோ இதை ஆடாமல் பிடிக்கும், ஒரே இடத்தில் நிறுத்தி வைக்காது. மூக்கு நம் பக்கம் திரும்பினால் இடது வலது வேறு மாறிவிடும். இதைத்தான் "கையை விட்டாலும் நிக்கும்" என்று 38,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறான்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "டெக்னீஷியன் லீவு சார்." "நீங்க கீழ போட்டிருப்பீங்க, கிராஷுக்கு வாரண்டி கிடையாது." தரையை விட்டே கிளம்பாதது எப்படி விழும்? பேட்டரி போட்டோவை அனுப்பினால், "அது வெறும் ஏர் சார், சார்ஜ் போட்டா அமுங்கிடும்." உப்பிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைச் சார்ஜில் போட்டால் தீப்பிடிக்கலாம். வீட்டில் குழந்தை இருக்கிறது என்று தெரிந்தே சொல்கிறான்! ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பற்றிக் கேட்டதற்கு, "மழை சீசன் முடியட்டும்." கடைசியில் பிளாக். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில்லே தராத ஆளுக்கு எப்படி நோட்டீஸ் போகும் என்று பார்க்க வேண்டும்.

சரி, சொல்ல வந்தது. பில் இல்லாமல் பணம் போடாதீர்கள். பார்சலைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். "பிகினருக்கு 450" என்று எவனாவது சொன்னால் போனை வையுங்கள். முதலில் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டுப் பழகுங்கள், அங்கே விழுந்தால் செலவில்லை. உப்பிய பேட்டரியைத் தொடவே வேண்டாம். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. அதே ஆள் வேறொரு பெயரில் "பிகினர் காம்போ, சீல் பிரிக்காதது" என்று இன்று காலை விளம்பரம் போட்டிருக்கிறான். அதற்கும் விலை அதே 38,500.