மேட் இன் ஜப்பான்: டீப் பர்ப்பிள்கிட்ட அந்த ஒரு ரிஃப் தவிர என்ன இருக்குன்னு கேக்குறவங்களுக்கு

எழுபதுகளோட ஹார்டு ராக்னு பேச ஆரம்பிச்சா லெட் செப்பலின், பிளாக் சபாத், அப்புறம் போனாப் போகுதுன்னு இன்னொரு இங்கிலாந்து பேண்டான டீப் பர்ப்பிள்னு சொல்றது வழக்கமாவே ஆயிடுச்சு. ஸ்மோக் ஆன் த வாட்டர் பாட்டோட அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற சின்ன கிட்டார் டியூன், அத விட்டா என்ன இருக்கு, ஆளு மாறிக்கிட்டே இருந்தாங்க, எது ஒரிஜினல் பேண்டுன்னே தெரியலன்னு ஒரு கூட்டம் சொல்லும். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள செப்பலின் 1995லயே போயாச்சு, சபாத் 2006ல, இவங்களுக்கு மட்டும் 2016 வரைக்கும் கதவு தொறக்கல, இவங்க கீபோர்டு ஆளு ஜான் லார்டு 2012லயே செத்துப் போயிட்டாரு, அந்த மனுஷன் அதப் பாக்கவே இல்ல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

இந்த சண்டையில நான் எப்பவும் எடுத்து வெக்கிற ஆல்பம் 1972 டிசம்பர்ல வந்த மேட் இன் ஜப்பான். ரெண்டு எல்பி இசைத்தட்டு, ஏழே பாட்டு, ஒன்னேகால் மணி நேரம். அந்த வருஷம் ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவுலயும் 17 டோக்கியோ புடோகான்லயும் வாசிச்சத பதிவு பண்ணுனது. லைவ் ஆல்பம் போடணும்னு பேண்டுக்கு பெருசா ஆசையே இல்ல, ஜப்பான் ரெக்கார்டு கம்பெனி கேட்டுச்சு, எங்க எஞ்சினியர் மார்ட்டின் பிர்ச் தான் பதிவு பண்ணனும்னு கண்டிஷன் போட்டு ஒத்துக்கிட்டாங்க. அந்த ஊருக்கு மட்டும்னு நெனச்சது உலகம் பூரா போயிடுச்சு. அட்டையில இருக்குற போட்டோ கூட ஜப்பான் இல்ல, லண்டன்ல எடுத்தது.

ஹைவே ஸ்டார் ஆரம்பிக்கிறதே ஒரு அழகு. ட்ரம்ஸ் வாசிக்கிற இயன் பெய்ஸ் ஸ்னேர் ட்ரம்ல தட்டிக்கிட்டே இருக்க, ஆர்கன் உள்ள வர, கிட்டாரும் பேஸும் சேர, சத்தம் ஏறிக்கிட்டே போயி திடீர்னு பாட்டு பிச்சுக்கிட்டு கெளம்பும். லார்டு தன்னோட ஹேமண்ட் எலெக்ட்ரிக் ஆர்கன கிட்டாருக்குப் போடுற மார்ஷல் ஆம்ப் வழியா விடுறவரு, அதனால அது சர்ச் ஆர்கன் மாதிரி கேக்காது, உறுமும், சில எடத்துல ஆர்கன் எது ரிட்சி பிளாக்மோர் கிட்டார் எதுன்னே பிரிக்க முடியாது. மத்த பேண்டுங்கள்ல கீபோர்டு ஆளு ஓரமா நின்னு நெரப்பிட்டுப் போவாரு, இங்க கிட்டாருக்கு எதிர்ல நின்னு மல்லுக்கட்டுறாரு. டீப் பர்ப்பிள் விட்டுட்டுப் போன சொத்து என்னன்னு கேட்டா நான் முதல்ல சொல்றது இதத்தான், ரிஃப் எல்லாம் அதுக்கு அப்புறம்.

சைல்ட் இன் டைம் பன்னெண்டு நிமிஷம். அந்த ஆர்கன் டியூன் அவங்களோடது இல்ல, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டேங்கிற அமெரிக்க பேண்டோட பாம்பே காலிங்ல இருந்து எடுத்ததுன்னு சொல்லி மட்டம் தட்டுறவங்க இருக்காங்க. எடுத்தது உண்மை தான், யாரும் மறைக்கல. ஆனா அந்த சின்ன டியூன் மேல பாடகர் இயன் கில்லன் முணுமுணுப்புல ஆரம்பிச்சு அந்த அலறல் வரைக்கும் ஏறுறத கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, இத வேற யாரு பண்ணிருப்பாங்கன்னு. ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்ல பிளாக்மோர் ஒன்னு வாசிக்க கில்லன் அதயே தொண்டையில திருப்பிக் குடுப்பாரு, அவரு இன்னும் மேல போக இவரும் விடாம போவாரு, அந்த ரெண்டு பேரும் அடுத்த வருஷமே ஒத்து வராம பிரிஞ்சாங்கங்கிறத நெனச்சா மனசு கனக்குது. 1973ல கில்லனும் பேஸ் வாசிச்ச ரோஜர் க்ளோவரும் வெளிய போயிட்டாங்க.

அதுக்கப்புறம் அவங்க எடத்துக்கு வந்த டேவிட் கவர்டேல், க்ளென் ஹ்யூஸ் இருந்த லைன்-அப் தான் ஒசத்தின்னு வாதாடுறவங்கள நான் தள்ளிவிட மாட்டேன், 1974ல வந்த பர்ன் ஆல்பம் எனக்கும் உசுரு. பிளாக்மோர் இல்லாத பர்ப்பிள் பர்ப்பிளே இல்லன்னு சொல்றத மட்டும் ஏத்துக்க முடியாது, கிட்டாருக்கு ஸ்டீவ் மோர்ஸ் 1994ல வந்து 2022 வரைக்கும் வாசிச்சிருக்காரு, பிளாக்மோர் இருந்ததவிட கூட. ஆனாலும் இந்த அஞ்சு பேரு ஒருத்தர ஒருத்தர் காது குடுத்துக் கேட்டு அந்த எடத்துலயே பாட்ட மாத்தி மாத்தி வாசிச்சது மாதிரி பின்னாடி எந்த லைன்-அப்லயும் எனக்குக் கெடைக்கல.

கொற இல்லாம இல்ல. த மியூல் பாட்டுல பாதிக்கு மேல ட்ரம் சோலோ தான், பெய்ஸ் எவ்ளோ நல்லா வாசிச்சாலும் முதல் தடவ கேக்குறவங்களுக்கு நீளம். ஸ்டூடியோவுல நாலரை நிமிஷம் இருந்த ஸ்பேஸ் ட்ரக்கின் இங்க இருவது நிமிஷம், நாலாவது சைடு முழுக்க அது ஒன்னு தான், நடுவுல லார்டு எங்கெங்கயோ போவாரு. எனக்குப் புடிக்கும், எல்லாருக்கும் புடிக்கும்னு சொல்ல மாட்டேன்.

சத்தம் இன்னைக்கும் பளிச்சுனு இருக்கு. ஐம்பது வருஷத்துக்கு முந்தின லைவ் ரெக்கார்டு, க்ளோவரோட பேஸ் தனியா காதுல விழுது, கைத்தட்டல் கூட சரியான தூரத்துல இருக்கு. மார்ட்டின் பிர்ச்சுக்கு கும்புடு போடணும்.

எத வாங்குறதுன்னு கேட்டா, முதல்ல சாதா ஏழு பாட்டு எடிஷன் போதும், எல்பியோ சிடியோ. 2014ல மூணு ராத்திரியும் சேத்து பெரிய பாக்ஸ் வந்துச்சு, வெல ஜாஸ்தி, ஆனா ஒரே பாட்டு மூணு நாளும் எப்படி மாறுதுன்னு கேக்க ஆச இருக்குறவங்களுக்கு அந்தக் காசு தகும், ஒரிஜினல்ல இல்லாத பிளாக் நைட், ஸ்பீட் கிங் எல்லாம் அதுல இருக்கு. ஸ்மோக் ஆன் த வாட்டர மட்டும் மூணு ராத்திரியும் வரிசையா போட்டுக் கேளுங்க, ஆல்பத்துக்கு ஏன் முதல் நாள் ஒசாகா டேக்க எடுத்தாங்கன்னு உங்களுக்கே புரியும்.