ஓசூரில் ஸ்பானிஷ் வகுப்பு: அமெரிக்கக் குடியேற்ற வழக்கு வேலைக்கு எவ்வளவு உதவும்?

ஓசூர் பாகலூர் சாலையில், ஒரு மாடி அறையில் நடக்கிற வகுப்பு. வாரம் மூன்று நாள், காலை 7 முதல் 8.30 வரை, மூன்று மாதம். கட்டணம் 9,000 ரூபாய், புத்தகத்துக்குத் தனியாக 600. ஒரு பேட்சில் 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ராத்திரி முழுக்க அமெரிக்க வக்கீல் அலுவலகங்களுக்கு, ஸ்பானிஷ் பேசுகிற கட்சிக்காரர்களின் குடியேற்ற வழக்கு ஃபைல் தயாரிப்பவர்களுக்கு இந்த நேரம் தோது. ஷிப்ட் முடிந்த கையோடு வந்து உட்காரலாம். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு. சும்மா ஒரு மொழி கற்கலாம் என்று வருகிறவர்களுக்குக் கீழே சொல்லும் குறைகள் பெரிதாகத் தெரியாது.

இந்த வகுப்பின் பெரிய பலம், தமிழ் வழியாகச் சொல்லித்தருவது. இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர்கள் திணறுகிற இடமெல்லாம் நமக்குச் சுலபம். ர, ற வேறுபாட்டை வைத்தே 'பெரோ' (ஆனால்), 'பெறோ' (நாய்) என்ற இரண்டு ஸ்பானிஷ் சொற்களையும் முதல் நாளே பிரித்துவிடுகிறார்கள். 'உஸ்தெத்' என்றால் நீங்க, 'தூ' என்றால் நீ. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இறந்தகாலப் பாடம்தான் வகுப்பிலேயே சிறந்தது. 'மே அமெனசாரோன்' என்றால் மிரட்டினார்கள், நடந்து முடிந்தது. 'மே அமெனசாபான்' என்றால் மிரட்டிக்கொண்டே இருந்தார்கள். இங்கிலீஷில் இரண்டுமே ஒரே வாக்கியமாகச் சப்பையாகிவிடும். சொந்த நாட்டில் ஆபத்து என்று அமெரிக்காவில் தங்க அனுமதி கேட்கிற அடைக்கல மனுவில், அதாவது ஐ-589 படிவத்தோடு வைக்கிற வாக்குமூலத்தில், ஒரு தடவை வந்த மிரட்டலும் மாதக்கணக்கில் தொடர்ந்த மிரட்டலும் ஒரே எடை பெறாது. கட்சிக்காரர் சொன்ன வினைச்சொல்லின் வால் காதில் விழுந்தால்தான் "எத்தனை தடவை, எப்போதிலிருந்து?" என்று அடுத்த கேள்வி கேட்கத் தோன்றும்.

தமிழ் காலை வாருகிற இடமும் உண்டு. நம் வினைமுற்றிலேயே ஆணா பெண்ணா என்பது இருக்கிறது. ஸ்பானிஷில் 'வினோ எ மி காசா' என்றால் என் வீட்டுக்கு வந்தது அவனாகவும் இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம். நம் ஆட்கள் யோசிக்காமல் 'வந்தான்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு வாக்குமூலத்தில் ஆண், விசாரணையில் பெண் என்று முரண்பட்டால் கட்சிக்காரர் பொய் சொல்கிறார் என்ற சந்தேகம் வரும். இதை வகுப்பில் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு வாரமே ஒதுக்கலாம்.

குறை என்றால் பாடப்புத்தகம். முழுக்க முழுக்க ஸ்பெயின் நாட்டுப் பேச்சு. கட்சிக்காரர்களாக வருகிற எல் சால்வடோர், ஹோண்டுராஸ், குவாத்தமாலா ஆகிய மத்திய அமெரிக்க நாட்டு ஆட்கள் வீட்டில் 'நீ' என்பதற்குச் சொல்கிற 'வோஸ்' அதில் இல்லை. சொற்களும் அப்படித்தான். 'ரெந்தா' என்றால் வாடகை என்று புத்தகம் சொல்கிறது. எல் சால்வடோரில் தெருவைக் கையில் வைத்திருந்த கும்பல் கடைக்காரரிடம் பிடுங்கிய மாமூலுக்கும் பெயர் 'ரெந்தா'தான். "ரெந்தா கட்ட முடியவில்லை, அதனால் ஓடி வந்தேன்" என்பதை வாடகை பாக்கி என்று எழுதினால், உயிருக்குப் பயந்து வந்தவர் கடன்காரராகிவிடுவார். ஹோண்டுராஸ்காரர் இதையே 'போர் வரி' என்பார். 'பெர்தோன்' என்றால் மன்னிப்பு. ஆனால் குடியேற்ற வழக்கில் கட்சிக்காரர் அந்தச் சொல்லால் சொல்வது, 'குடியேறத் தகுதியில்லை' என்ற தடையிலிருந்து அரசு தருகிற விலக்கு. 'தெனுன்சியா' என்பது போலீஸில் கொடுத்த புகார்.

'நோதாரியோ' தனியாகச் சொல்ல வேண்டிய சொல். லத்தீன் அமெரிக்க நாடுகளில் அவர் சட்டம் படித்த, மதிப்புள்ள ஆள். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி மட்டுமே. அந்தப் பெயர்ப்பலகையை நம்பிப் பணம் கொடுத்துத் தப்பான மனு போட்டவர்கள் நிறைய. நம் ஊரில் நோட்டரி வக்கீல்தான் என்பதால் நமக்கும் வித்தியாசம் சட்டென்று உறைக்காது. "வக்கீல் யாராவது மனு போட்டாரா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "நோதாரியோவிடம் போனீர்களா?" என்று கேட்டால்தான் பழைய மனு வெளியே வரும்.

பெயர்ப் பாடம் நன்றாக இருக்கிறது. முதலில் அப்பா வழிக் குடும்பப் பெயர், அடுத்து அம்மா வழி. ஒரு படிவத்தில் இரண்டும், இன்னொன்றில் ஒன்று மட்டும் என்றால் ஆவணங்கள் ஒத்துப்போகாது. இனிஷியலை விரித்து பாஸ்போர்ட் வாங்கிப் பட்டவர்களுக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம். தேதியையும் கவனியுங்கள்: அவர்களும் நம்மைப் போல நாள், மாதம் என்றுதான் எழுதுவார்கள், அமெரிக்கப் படிவத்தில் மாதம் முதலில்.

மொத்தம் 54 மணி நேரம். ஏ1 நிலையை, அதாவது ஆரம்பப் படியைத் தொடலாம், அவ்வளவே. இதை வைத்து மொழிபெயர்ப்புச் சான்றில் கையெழுத்துப் போடக் கூடாது. அமெரிக்கக் குடியேற்றத் துறை கேட்பது முழு மொழிபெயர்ப்பு. அது முழுமையானது, சரியானது, தனக்கு அதற்குத் தகுதி உண்டு என்று பெயர்த்தவரே உறுதி தர வேண்டும். பிறப்புச் சான்றின் ஓரத்தில் பின்னால் எழுதிய குறிப்பு, முத்திரை எல்லாம் அதில் அடங்கும். பாதிப் பேர் ஓரக்குறிப்பில்தான் கோட்டை விடுகிறார்கள்.

அடைக்கல அலுவலக நேர்காணலில் வக்கீலே மொழிபெயர்ப்பாளராக இருக்க விதி அனுமதிப்பதில்லை. 18 வயது நிறைந்த வேறொருவரை மனுதாரர் கூட்டி வர வேண்டும். குடியேற்ற நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே ஏற்பாடு செய்யும். அப்படியானால் வக்கீலுக்கும் உதவியாளருக்கும் ஸ்பானிஷ் எதற்கு? முதல் நாள் விவரம் கேட்பதற்கு, வாக்குமூலத்தைச் சரிபார்ப்பதற்கு, மொழிபெயர்ப்பாளர் 'ரெந்தா'வை வாடகையாக்கும்போது அங்கேயே கை தூக்குவதற்கு.

ஒன்றை மட்டும் இந்த வகுப்பு சொல்லவே இல்லை. குவாத்தமாலா மலைப்பகுதி ஆட்கள் பலருக்கு ஸ்பானிஷ் தாய்மொழியே இல்லை. மாம், கிச்சே போன்ற மொழிகள். அவர்களிடம் ஸ்பானிஷில் கேட்டால் 'சீ, சீ' (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுவார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர் தாலுகா ஆபீஸில் தமிழுக்கு "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். ஐ-589 தயாரிப்பவர், மனுதாரருக்குப் புரிகிற மொழியில் படித்துக் காட்டியதாகக் கையெழுத்திடுகிறார். எனவே முதல் கேள்வியே "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்பதாக இருக்கட்டும். நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் அடைக்கல மனு போட வேண்டும் என்பதால் இதைக் கடைசியில் கண்டுபிடித்தால் ஆள் தேட நாள் இருக்காது.

அடிப்படைக்கு 9,000 தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாம் கட்டத்துக்குப் பணம் கட்டுமுன், மத்திய அமெரிக்கப் பேச்சின் ஒலிப்பதிவுகள் பாடத்தில் உண்டா என்று கேளுங்கள். அதே ஸ்பெயின் புத்தகத்தின் அடுத்த பாகம் என்றால், அந்தப் பணத்துக்கு எல் சால்வடோர்க்காரர் ஒருவரோடு ஆன்லைனில் வாரம் ஒரு மணி நேரம் பேசிப் பழகுவது மேல்.