டின்ஸ்லியும் சைபிராண்ட்ஸும்: செக்கர்ஸில் இரண்டு பாதைகள்

செக்கர்ஸ் என்பது எதிராளியின் காய்களைத் தாண்டிப் பிடிக்கும் பலகை ஆட்டம். அமெரிக்காவின் மேரியன் டின்ஸ்லி அதன் 64 கட்டப் பலகையின் பேரரசர். ஆனாலும் அவருக்குச் சோறு போட்டது கணிதப் பேராசிரியர் வேலைதான். 1958-இல் உலகச் சாம்பியன் பட்டத்தை விட்டு ஒதுங்கியவர், 1975-இல் மீண்டும் உலகச் சாம்பியனானார். 1992-இல், 65 வயதில், சினூக் என்ற கணினி நிரலை 4-2 என வென்றார்; 33 ஆட்டங்கள் சமன். எத்தனை பொறுமை வேண்டும் அதற்கு!

நெதர்லாந்தின் டோன் சைபிராண்ட்ஸ் ஆடியது 100 கட்டம், ஆளுக்கு 20 காய்கள். 1972, 1973-இல் உலகச் சாம்பியன். பலகையைப் பார்க்காமலே ஒரே நேரத்தில் பலருடன் ஆடிப் புகழ்பெற்றவர்.

மனம் டின்ஸ்லியிடம்தான் சாய்கிறது. ஆனால் இன்று ஆட்டத்தையே தொழிலாக்க நினைப்பவருக்கு 100 கட்டத்தையே சொல்வேன். டின்ஸ்லி ஆடிய 64 கட்ட ஆட்டத்தைக் கணினி 2007-இல் தீர்த்துவிட்டது: இருவரும் பிழையின்றி ஆடினால் சமன்தான்.