சிங்கப்பூரா, லக்சம்பர்க்கா?

கையில் மூன்று நாள்தான் இருக்கிறது, சிறியதும் நவீனமானதுமான ஒரு நாட்டைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை இரண்டு: சிங்கப்பூர், லக்சம்பர்க். முன்னது சுமார் 735 சதுர கிலோமீட்டரில் 60 லட்சம் பேர் வாழும் தீவு. பின்னது அதைப்போல மூன்றரை மடங்கு நிலத்தில் ஏழு லட்சத்துக்கும் குறைவானோர் வாழும், கடலே இல்லாத நாடு. இரண்டும் செல்வம் மிக்கவை, வங்கித் தொழிலுக்குப் பேர்போனவை. ஆகவே ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். வண்டி ஏறும் இடத்திலேயே அந்த எண்ணம் கலைந்தது.

சாங்கி விமான நிலையத்தில் பெருவிரைவு ரயிலுக்கு, அதாவது மெட்ரோவுக்கு, வங்கி அட்டையைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். இறங்கும் நிலையத்தில் மறுபடி தட்டினால், கடந்த தொலைவுக்கேற்பக் கட்டணம் சென்ட் கணக்கில் கழிகிறது. லக்சம்பர்க்கிலோ, ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள டிராம் நிறுத்தத்தில் பயணச்சீட்டு இயந்திரத்தைத் தேடி நடைமேடையின் இரு முனைகளுக்கும் இரண்டு முறை போய் வந்தேன். என்னைக் கவனித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், பேசாமல் ஏறிக்கொள் என்பதுபோல் கையசைத்தார். 2020 பிப்ரவரி இறுதியிலிருந்து அங்கே பேருந்து, டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாமே இலவசம், வெளிநாட்டவருக்கும்தான். பாறைமேல் இருக்கும் பழைய நகரிலிருந்து பள்ளத்தாக்கிலுள்ள பாஃபன்டாலுக்கு இறக்கிவிடும் கண்ணாடி மின்தூக்கிக்குக்கூடக் காசு கிடையாது.

இலவசம் என்பதாலேயே லக்சம்பர்க் தாராள மனம் கொண்டது, சிங்கப்பூர் கறாரானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள்தொகை விகிதப்படி கார்கள் மிக அதிகமுள்ள நாடுகளில் லக்சம்பர்க்கும் ஒன்று. அந்த நெரிசலிலிருந்து மக்களை இறக்கிப் பேருந்தில் ஏற்றும் முயற்சியே இந்தச் சலுகை. சிங்கப்பூர் அதே சிக்கலை மறுமுனையிலிருந்து பிடித்தது. 1990 முதல் அங்கே கார் வாங்க, பத்தாண்டு செல்லுபடியாகும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும்; சில ஏலங்களில் அதன் விலை மட்டுமே ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) தாண்டியிருக்கிறது. ஒன்று காருக்கு விலையேற்றியது, மற்றொன்று பேருந்துக்கு விலையையே எடுத்துவிட்டது. பயணியாக என் கண்ணுக்குப் பட்டவரை, சாலையை ஆளத் தெரிந்தது சிங்கப்பூருக்குத்தான்.

எல்லையில் நிற்கும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூரையும் இணைக்கும் பாலம் ஒரு கிலோமீட்டர் அளவுதான்; ஆனால் இரு கரையிலும் குடிநுழைவுச் சோதனை உண்டு, வார இறுதியில் அங்கே வாகனங்கள் மணிக்கணக்கில் நிற்கும். லக்சம்பர்க்கின் தென்கிழக்கு மூலையில் மொசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்றொரு ஊர் இருக்கிறது. உலகமே விசாவின் பெயராக அறிந்திருக்கும், எல்லைச் சோதனைகளை நீக்குவதற்கான அந்த ஒப்பந்தம் 1985 ஜூன் 14 அன்று அந்த ஆற்றில் நின்ற ஒரு கப்பலில்தான் கையெழுத்தானது. பாலத்தைக் கடந்தால் ஜெர்மனியின் பெர்ல். நடுவில் ஓடும் ஆறு இரு நாட்டுக்கும் பொது. நான் ஜெர்மனிக்குள் போய்விட்டதை எனக்கு அறிவித்தது கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி மட்டுமே. ஒவ்வொரு வேலைநாளும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து இப்படி வந்து வேலைபார்த்துத் திரும்புகிறார்கள். உள்ளே வீட்டு விலை அவ்வளவு. சிங்கப்பூரில் ஐவரில் ஏறத்தாழ நால்வர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில், பெரும்பாலும் 99 ஆண்டு குத்தகையில் வாங்கிய சொந்த வீடுகளில், குடியிருக்கிறார்கள்.

மொழியைப் பொறுத்தவரை நான் நடுநிலை வகிக்க முடியாது. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் கோப்பி குடித்துவிட்டு மீதிச் சில்லறையை எண்ணும்போது, நாணயத்தில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் பொறித்திருந்ததைப் பார்த்து, எண்ணிக்கையை மறந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லக்சம்பர்க்கிலும் லக்சம்பர்கிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என மும்மொழி நிர்வாகம்தான். ரொட்டிக்கடையில் நான் பாடுபட்டுக் கற்று வைத்திருந்த லக்சம்பர்கிஷ் வணக்கத்துக்குப் பதில் பிரெஞ்சில் வந்தது. கடைக்காரப் பெண்ணும் எல்லை தாண்டி வருபவராம்.

சாப்பாட்டில் போட்டியே இல்லை. சிங்கப்பூரின் உணவங்காடியில், மேசைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்தால் அந்த இடம் உங்களுடையது. வரிசையில் நின்று தோசையோ லக்சாவோ வாங்கி வரும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். லக்சம்பர்க்கில் நான் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடிக்கிடந்தன.

முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் சென்னையிலிருந்து என்றால், நான்கரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரடி விமானம் உள்ள சிங்கப்பூரையே சொல்வேன். லக்சம்பர்க்குக்கென்று தனியாகக் கிளம்ப வேண்டாம். பாரிஸ் போகிறவர்கள் அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடலாம், ஓர் இரவு தங்கினால் போதும். ஞாயிறு மட்டும் வேண்டாம்.