சைவச் சாப்பாட்டுக்குத் தனிப் பணம் கேட்கும் டிராவல் ஏஜென்ட்: நீண்ட விமானப் பயணம் போகிறவர்கள் கவனத்துக்கு

வயதான அம்மா அப்பாவை எகானமி வகுப்பில் அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறீர்களா? டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் "வெஜ் மீல் சொல்லியாச்சு" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். எங்களிடம் ஆளுக்கு 1,200 ரூபாய் "ஸ்பெஷல் மீல் சார்ஜ்" என்று வாங்கிக்கொண்டார்கள். ஒரு விமானத்தில் கோழிக்கறி வந்தது. அடுத்த விமானத்தில் எங்கள் பெயருக்கு எதுவுமே இல்லை.

அம்மா சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். இவ்வளவையும் ஏஜென்ட்டிடம் சொல்லித்தான் டிக்கெட் எடுத்தோம். சென்னையிலிருந்து ஐரோப்பாவில் ஓர் ஊர், அங்கே மாறி அமெரிக்கா. "அதெல்லாம் சிஸ்டத்துல போட்டாச்சு சார், நீங்க கவலையே படாதீங்க" என்றார். டிக்கெட்டிலும் எங்கள் பெயருக்குக் கீழே உணவு கோரப்பட்டது என்று ஒரு வரி இருந்தது.

சென்னையில் ஏறி, புறப்படும்போது அணைத்த விளக்கைத் திரும்பப் போட்டதும், எல்லோருக்கும் முன்னால் எங்களுக்குத் தட்டு வந்தது. சிறப்பு உணவு கேட்டவர்களுக்கு முதலில் கொடுப்பதுதான் வழக்கம். அலுமினிய மூடியின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர், அதில் இருக்கை எண், பக்கத்தில் எச்என்எம்எல் என்று நாலு எழுத்து. அம்மா மூடியின் ஓரத்தைப் பிரித்தார். உள்ளே சோறு, மஞ்சளாக ஒரு கறி, அதற்குள் எலும்பில்லாத கோழித் துண்டுகள். வாசனை வந்ததுமே தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பணிப்பெண் மேல் தப்பில்லை, பட்டியலில் இருந்ததைத்தான் கொண்டுவந்தார். இந்தியாவிலிருந்து கிளம்பும் விமானம் என்பதால் சாதாரண மெனுவிலேயே சைவம் இருந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்து முடித்த பிறகு பனீர் தட்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். சரி, போகட்டும்.

இந்த எச்என்எம்எல் விஷயத்தை நம் ஆட்கள் பலருக்கு யாரும் சொல்வதில்லை. "ஹிந்து மீல்" என்று பட்டியலில் இருப்பது அசைவம். மாடும் பன்றியும் இருக்காது, அவ்வளவுதான். கோழி, ஆடு, மீன், முட்டை எது வேண்டுமானாலும் வரலாம். நம் வீட்டுச் சைவத்துக்கு நெருங்கியது ஏவிஎம்எல், அதாவது "ஏஷியன் வெஜிடேரியன்" அல்லது "இந்தியன் வெஜிடேரியன்" என்று போட்டிருக்கும். விஜிஎம்எல் கேட்டால் பால், தயிர், நெய் எதுவும் வராது. விஎல்எம்எல்லில் முட்டை வரலாம். விஜேஎம்எல் ஜைன உணவு, வெங்காயம், பூண்டு, கிழங்கு வகை இருக்காது. டிபிஎம்எல் சர்க்கரை நோயாளிகளுக்கானது, ஆனால் அதில் இறைச்சி இருக்கலாம். பெரும்பாலான விமானங்களில் ஒரு பயணிக்கு ஒரு வகைதான் பதிய முடியும். சர்க்கரையும் உண்டு, சைவமும் வேண்டும் என்றால் சைவத்தைப் பதிந்துவிட்டு, சர்க்கரைக்கு நாமே ஏதாவது கையில் வைத்துக்கொள்வதுதான் வழி. நாள் முழுக்க இதே வேலையாக இருக்கும் ஏஜென்ட்டுக்கு இது தெரியாதா? தெரியாது என்றால் எதற்கு 1,200 ரூபாய்?

உண்மையான அவஸ்தை இரண்டாவது விமானத்தில். டிக்கெட்டில் முதல் நிறுவனத்தின் எண்தான் இருந்தது, ஆனால் விமானத்தை ஓட்டியது அதன் கூட்டாளி நிறுவனம். கோட்ஷேர் என்கிறார்களே, அது. அங்கே பணிப்பெண் கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, இந்த இருக்கைக்குச் சிறப்பு உணவு எதுவும் பதிவாகவில்லை என்றார். சிக்கனா பாஸ்தாவா என்று வண்டி வந்தது. நாங்கள் வால் பக்கம். எங்கள் வரிசைக்கு வரும்போது பாஸ்தா தீர்ந்துவிட்டது. அட்லாண்டிக்குக்கு மேலே எங்கே போய்க் கேட்பது? ஒரு பன், வெண்ணெய், தட்டில் ஓரமாகக் கிடந்த இலைதழை, பிசினஸ் வகுப்பிலிருந்து கேட்டு வாங்கி வந்த கொஞ்சம் பழம். அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு போடலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். இறங்குவதற்கு முன் கொடுத்த சிற்றுண்டியிலும் ஹாம் வைத்த சாண்ட்விச்.

ஏன் இப்படி என்று பிறகு விசாரித்ததில் புரிந்தது. விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. தரையில் உள்ள கேட்டரிங் கூடத்தில் சமைத்து, குளிரவைத்து, எண்ணி ஏற்றுகிறார்கள். மேலே அடுப்பில் சூடாக்குவது மட்டும்தான். அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் சொல்லச் சொல்கின்றன, சில வகைகளுக்கு அதைவிட முன்னால். கூடுதலாக ஒரு சைவத் தட்டு சும்மா உட்கார்ந்திருக்காது. ஏஜென்ட் கணினியில் போடும் கோரிக்கை முதலில் "என்என்" என்ற நிலையில் நிற்கும், கேட்டிருக்கிறோம் என்று பொருள். விமான நிறுவனம் ஏற்றுக்கொண்டால்தான் அது "எச்கே" ஆகும். "யுசி" என்றால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கோரிக்கை முதல் விமானத்துக்கு எச்கே, இரண்டாவதற்குக் கடைசிவரை என்என். அதைத் திரும்ப ஒரு முறை யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது, எந்த நிறுவனம் விமானத்தை ஓட்டுகிறதோ அந்த நிறுவனத்தின் பிஎன்ஆர் எண்ணை, அதாவது முன்பதிவு எண்ணை, ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்குவது. கோட்ஷேரில் பெரும்பாலும் இரண்டு பிஎன்ஆர் இருக்கும், ஏஜென்ட் ஒன்றைத்தான் தருவார். அதை வைத்து அந்த நிறுவனத்தின் தளத்தில் போய், ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக ஏவிஎம்எல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தளத்தில் தெரியாவிட்டால் போன் செய்து கேட்கலாம். நேரம் மாறியது, இணைப்பு விமானம் தவறி வேறு விமானத்தில் போட்டார்கள் என்றால் உணவுப் பதிவு அப்படியே காணாமல் போய்விடக்கூடும், மறுபடி கேட்க வேண்டும். விமானத்துக்குள் யாருக்காவது இருக்கையை மாற்றிக் கொடுத்தாலும் பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், தட்டு ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத் தேடித்தான் போகும்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட்டிலேயே சாப்பாடு சேர்ந்திருக்கும் நிறுவனங்களில் இந்தச் சிறப்பு உணவுக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. நாங்கள் டிக்கெட் எடுத்த விமான நிறுவனத்திலும் கிடையாது, அவர்களே மின்னஞ்சலில் சொல்லிவிட்டார்கள். மலிவு விலை விமானங்களில் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு உண்டு, அது வேறு கதை, அதற்கு நிறுவனத்தின் ரசீதே வரும். எங்கள் ஏஜென்ட்டிடம் ரசீது கேட்டபோது "சர்வீஸ் சார்ஜ்ல சேந்திருக்கு சார்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "ஏர்லைன் பண்ண தப்புக்கு நாங்க என்ன சார் பண்றது?" என்று குரல் மாறிவிட்டது. டிக்கெட் விற்ற நிறுவனம் ஓட்டிய நிறுவனத்தைக் கை காட்டுகிறது, அது கோரிக்கையே உறுதியாகவில்லை என்கிறது. விமானம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி இருக்கிறது. கேட்ட சாப்பாடு வராததற்கு அதில் ஒரு தொகையும் சொல்லப்படவில்லை.

இனி கைப்பையில் சாப்பாடு இல்லாமல் அம்மாவை ஏற்றுவதாக இல்லை. புளியோதரை, பொடி தடவிய இட்லி, சப்பாத்தி எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் பொதுவாகத் தடுக்கப்படுவதில்லை. தயிர், சட்னி, தொக்கு மாதிரியானவை திரவக் கணக்கில் போகும், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். டப்பாவைச் சூடாக்கித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், அதனால் ஆறினாலும் சாப்பிடக்கூடியதாகப் பார்த்து எடுங்கள். அமெரிக்காவில் இறங்குவதற்கு முன் மிச்சத்தை முடித்துவிடுவது நல்லது. விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு, சுங்கத்தில் சொல்லாமல் போனால் அபராதம்கூடப் போடுவார்கள்.

ஏஜென்ட் மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், டிக்கெட், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், மூடியில் இருந்த ஸ்டிக்கரின் படம் எல்லாம் இணைத்து. விமான நிறுவனத்தின் மேல், விமானப் பயணிகளின் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் தனியாக. புகார் எண் போனதும் ஏஜென்ட் ஆபீசிலிருந்து கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறோம், வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். முழுசாக வந்தால்தான் என்று சொல்லியிருக்கிறேன். வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.